எங்களிடமும் கேளுங்கள்: ஆற்றங்கரைப் பாதையும் பொதுமக்கள் ஆலோசனையும்

கடந்த ஆண்டு இரண்டாம் தவணை தொடங்கிய வாரத்தில், பஸ் தரிப்பிடத்துக்கு அருகிலுள்ள மதிலில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. "ஆற்றங்கரை நடைபாதையை மேம்படுத்துதல் – பொதுமக்கள் கருத்துக் கோரல்" என்பது அதன் தலைப்பு. கருத்துகளை 21 நாட்களுக்குள் எழுத்தில் அனுப்பலாம் என்றும், கலந்துரையாடல் கூட்டம் புதன்கிழமை காலை 10 மணிக்கு நடைபெறும் என்றும் அதில் இருந்தது. நானும் தோழியர் மூவரும் அதை வாசித்தோம். "நல்ல விசயந்தானே" என்று சொல்லிக்கொண்டு, அந்தப் பாதையாலேயே வீட்டுக்கு நடந்தோம். அந்தக் கேள்வி எங்களிடமும் கேட்கப்பட்டிருக்கிறது என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பாதை எங்களுக்குப் புதியதன்று. மகாவலி எங்கள் ஊரை வளைத்துக்கொண்டு போகும் இடத்தில், பாலத்தடியிலிருந்து பாடசாலையின் பின்புறம் வரை செல்லும் மண் பாதை அது. பிரதான வீதியில் நடப்பதற்கென்று ஓரம் இல்லை. பஸ்களும் லொறிகளும் புத்தகப்பையை உரசிக்கொண்டு போகும். ஆகவே மாணவியரில் பெரும்பாலோர் ஆற்றங்கரையால்தான் வருகிறோம். வைத்தியசாலைக்குப் போவோர், சந்தைக்கு மரக்கறி சுமப்போர், பழைய படித்துறையில் துணி துவைப்போர், குளிப்போர், தூண்டில் போடுவோர் என்று எல்லோருக்கும் அதே பாதைதான். மழை பெய்தால் சேறு. பொழுது சாய்ந்தால் இருள். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் மருத மரத்து வேரில் ஏறி நின்று வழிவிட வேண்டும்.

புவியியல் செயற்றிட்டத்துக்கு என்ன தலைப்பு எடுப்பது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, "மதிலில் ஒட்டியிருக்கிறதே, அதையே எடுங்களேன்" என்றார் எங்கள் ஆசிரியை. அதன் பின்னர் நான் வாசித்து அறிந்தவற்றையும், நாங்கள் செய்தவற்றையும், செய்யத் தவறியவற்றையும் இங்கே எழுதுகிறேன். இன்னொரு பாதைக்காக, இன்னொரு மதிலில், இதே போன்ற அறிவித்தல் ஒன்றைக் காணும் மாணவிக்கு இது உதவும் என்பது என் எண்ணம்.

ஆலோசனை என்றால் என்ன?

பொதுமக்கள் ஆலோசனை என்பதை முதலில் நான் ஒரு வாக்கெடுப்பு என்றே நினைத்தேன். அது தவறு. வாக்கெடுப்பில் கூடிய கை வெல்லும். ஆலோசனையிலோ, முடிவெடுக்கும் அதிகாரம் சபையிடமோ திணைக்களத்திடமோதான் இருக்கும். ஆனால் அந்த முடிவை எடுப்பதற்கு முன்னர், அதனால் பாதிக்கப்படுவோர் என்ன அறிந்திருக்கிறார்கள், எதை விரும்புகிறார்கள், எதற்கு அஞ்சுகிறார்கள் என்று கேட்டறிய வேண்டும். எத்தனை பேர் சொன்னார்கள் என்பதோடு, என்ன சொன்னார்கள், எந்தக் காரணத்தைக் காட்டினார்கள் என்பதும் இங்கே முக்கியமாகிறது. ஒரேயொருவர் சொன்ன செய்தி கூட வரைபடத்தை மாற்றக்கூடும்.

அமெரிக்க ஆய்வாளர் ஷெரி ஆர்ன்ஸ்டைன் 1969 இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், மக்களின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். மக்களைத் தமக்கு ஏற்றபடி வளைத்தெடுப்பது அடிப்படி. மக்களே கட்டுப்படுத்துவது உச்சிப்படி. தகவல் சொல்வது மூன்றாம் படி. ஆலோசனை கேட்பது நான்காம் படி. ஆலோசனையைப் பாதி ஏணியில்தான் அவர் வைத்தார் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. அதற்கு அவர் காட்டிய காரணம் நியாயமானது: கேட்டதை ஏற்றுக்கொள்வதற்கு எந்த உறுதியும் இல்லாவிட்டால், கேட்பது ஒரு சடங்காகிவிடும். கூட்டம் நடந்தது, தேத்தண்ணீர் கொடுத்தார்கள், பெயர்ப் பட்டியலில் கையெழுத்து வாங்கினார்கள் என்பதோடு அது முடிந்துவிடும்.

அப்படியானால் சடங்கான ஆலோசனையையும் உண்மையான ஆலோசனையையும் எப்படிப் பிரித்தறிவது?

நான்கு கேள்விகள்

இதற்கு விடை தந்தது, பாடசாலைகள் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கு. லண்டனின் பிரென்ட் பகுதிச் சபை, சில பாடசாலைகளை மூடவும் இணைக்கவும் திட்டமிட்டது. தங்களிடம் முறையாகக் கேட்கப்படவில்லை என்று பெற்றோர் நீதிமன்றம் சென்றனர். 1985 இல் தீர்க்கப்பட்ட அந்த வழக்கு, கன்னிங் வழக்கு என்று அழைக்கப்படுகிறது. பெற்றோர் தரப்புச் சட்டத்தரணி ஸ்டீபன் செட்லி முன்வைத்த நான்கு விதிகளை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2014 இல் பிரித்தானியாவின் உயர் நீதிமன்றமும் வேறொரு வழக்கில் அவற்றை உறுதிப்படுத்தியது.

அந்த விதிகளை நான் கேள்விகளாக மாற்றி, என் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். திட்டம் இன்னும் உருவாகும் நிலையில் இருக்கும்போதே கேட்டார்களா? சிந்தித்துப் பதில் சொல்லப் போதிய தகவல் தந்தார்களா? பதில் சொல்லப் போதிய அவகாசம் தந்தார்களா? வந்த பதில்களை முடிவெடுக்கும்போது நேர்மையாகக் கருத்திற் கொண்டார்களா?

இவை நம் நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் விதிகள் அல்ல. ஆயினும் எந்த நாட்டு ஆற்றங்கரையிலும் வைத்து அளந்து பார்க்கத்தக்க அளவுகோல்கள். நான் சியோல் நகரையும், பாரிஸ் நகரையும், எங்கள் ஊரையும் இவற்றால் அளந்து பார்த்தேன்.

1. எப்போது கேட்டார்கள்?

தென்கொரியத் தலைநகர் சியோலின் நடுவே சொங்கியேசொன் என்ற சிற்றாறு ஓடியது. 1950களின் இறுதியிலிருந்து அதைக் கொங்கிறீட்டால் மூடி வீதியாக்கினார்கள். அதன் மேல் உயர்மட்ட நெடுஞ்சாலை ஒன்றையும் கட்டினார்கள். 2002 இல் நகர முதல்வர் தேர்தலில் நின்ற லீ மியுங்-பாக், அந்த ஆற்றை மீண்டும் திறப்பேன் என்று வாக்குறுதியளித்து வென்றார். 2003 யூலையில் நெடுஞ்சாலையை உடைக்கத் தொடங்கி, 2005 ஒக்டோபர் 1 ஆம் திகதி, ஏறத்தாழ 5.8 கிலோமீற்றர் நீளமான ஆற்றங்கரை நடைபாதையை மக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

அங்கும் ஆலோசனை நடந்தது. நகர சபை ஒரு மக்கள் குழுவை அமைத்தது. வீதியோர வணிகர்களுடன் ஆயிரக்கணக்கான சந்திப்புகளை நடத்தியது. ஆனால் ஆற்றைத் திறப்பதா இல்லையா என்பது தேர்தலிலேயே முடிவாகிவிட்டது. எந்த நாளுக்குள் முடிப்பது என்பதும் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. எஞ்சியது எப்படி என்ற கேள்வி மட்டுமே. பழைய கற்பாலத்தை அதன் பழைய இடத்திலேயே மீட்டெடுக்க வேண்டும் என்று மரபுரிமையில் அக்கறை கொண்டோர் வாதிட்டனர். அவர்களுக்கும் நகர நிர்வாகத்துக்கும் இடையில் பெரும் கருத்து வேறுபாடு எழுந்தது. முடிவில் அந்தப் பாலம் வேறோர் இடத்துக்கு நகர்த்தியே கட்டப்பட்டது.

இதிலிருந்து நான் கற்றது: ஆலோசனைக்குப் போகும்போது, "இத்திட்டத்தில் இன்னும் முடிவாகாதது எது?" என்று முதலில் கேட்க வேண்டும். முடிந்துபோனதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிப் பயனில்லை. நாங்கள் அலுவலகத்துக்குச் சென்று தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் அதைத்தான் கேட்டோம். அவர் சற்று யோசித்துவிட்டு, நிதி ஒதுக்கப்பட்டுவிட்டது, ஆனால் கேள்விப்பத்திரம் இன்னும் கோரப்படவில்லை என்றார். பாதையின் அகலம், விளக்குகள், படிகள், வாயிற்கதவு திறந்திருக்கும் நேரம் ஆகியவை இன்னும் மாறலாம் என்றும் சொன்னார். முதலாம் கேள்விக்கு எங்கள் ஊர் சித்தியடைந்தது.

2. என்ன சொன்னார்கள்?

பாரிஸ் நகரின் நடுவே ஓடும் செய்ன் ஆற்றின் வலது கரையில், 1967 முதல் ஒரு விரைவு வீதி இருந்தது. அதில் 3.3 கிலோமீற்றரை வாகனங்களுக்கு மூடி, நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று நகர முதல்வர் ஆன் இடால்கோவின் நிர்வாகம் திட்டமிட்டது. 2016 இல் பொது விசாரணை நடைபெற்றது. திட்டத்தால் வாகன நெரிசல், காற்று மாசு, இரைச்சல் ஆகியவற்றில் என்ன மாற்றம் வரும் என்ற ஆய்வறிக்கையும் மக்கள் முன் வைக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் நகர சபை திட்டத்தை நிறைவேற்றியது. மக்கள் நடக்கவும் தொடங்கினார்கள்.

ஆனால் 2018 பெப்ரவரியில் நிர்வாக நீதிமன்றம் அந்த முடிவை இரத்துச் செய்தது. மக்கள் முன் வைக்கப்பட்ட ஆய்வறிக்கையில் பிழைகளும் விடுபடல்களும் இருந்தன. ஆகவே திட்டத்தின் விளைவுகளை மக்கள் சரியாக மதிப்பிட முடியாமற் போனது என்பதே காரணம். நல்ல நோக்கம் கொண்ட திட்டமாக இருந்தாலும், குறையான தகவலைக் கொடுத்துப் பெற்ற கருத்து குறையான கருத்தே என்று நான் இதை விளங்கிக்கொண்டேன். நகர சபை அடுத்த மாதமே, ஆற்றங்கரையின் மரபுரிமையைக் காத்தல் என்ற வேறு அடிப்படையில் புதிய கட்டளை பிறப்பித்தது. அதை எதிர்த்த வழக்குகள் அதே ஆண்டு ஒக்டோபரில் தள்ளுபடியாயின. நடைபாதை இன்றும் இருக்கிறது.

எங்கள் மதிலுக்கு வருகிறேன். அந்த அறிவித்தலில் சிங்களப் பகுதி ஒரு பக்கம் நிறைய இருந்தது. தமிழில் ஐந்து வரிகள் மட்டுமே. வரைபடம் அலுவலகத்தில் பார்வைக்கு உண்டு என்பது சிங்களத்தில் மட்டும் எழுதப்பட்டிருந்தது. எங்களில் ஒருத்திக்குச் சிங்களம் நன்றாக வாசிக்க வராதிருந்தால், வரைபடம் ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

வரைபடத்தைப் பார்த்தபோது இரண்டு விடயங்கள் கண்ணில் பட்டன. பழைய படித்துறை இருந்த இடத்தில் ஒரு கம்பி வேலி வரையப்பட்டிருந்தது. படித்துறையை அகற்றப் போவதாக எங்கும் எழுதப்படவில்லை. அது வரையப்படாமலே விடப்பட்டிருந்தது. மற்றது, ஆற்றோரம் நின்ற மருத மரங்களுக்குப் பதிலாகக் கொங்கிறீட் அணைசுவர். மருத மரத்தின் வேர் கரை மண்ணை இறுகப் பிடித்து வைத்திருக்கும் என்பது நாங்கள் வகுப்பிலே படித்தது.

நம் நாட்டில் பெருந்திட்டங்களுக்கு இது குறித்துச் சட்டம் இருக்கிறது. தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988 இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரானதும், வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்து, மக்கள் கருத்துத் தெரிவிக்க 30 நாட்கள் கொடுக்க வேண்டும். ஓர் ஊரின் சிறு நடைபாதை பெரும்பாலும் அந்த வரம்புக்குள் வராது. ஆனால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சிறு பாதைக்கும் பொருந்தும். எந்தப் பிரசையும் காரணம் சொல்லாமலே பொது அதிகாரசபையிடம் தகவல் கேட்கலாம். தருவதா இல்லையா என்பதைத் தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். வரைபடத்தைக் காட்ட மறுத்திருந்தால் அவ்வழியே சென்றிருப்போம். நல்லவேளை, அவசியம் ஏற்படவில்லை.

3. யாருக்கு அவகாசம் தந்தார்கள்?

21 நாட்கள் என்பது கடிதம் எழுதத் தெரிந்தவருக்குப் போதும். புதன்கிழமை காலை 10 மணி யாருக்குப் போதும்? அந்நேரம் நாங்கள் வகுப்பில். ஆசிரியைகள் பாடத்தில். கூலி வேலைக்குப் போவோர் வேலைத் தலத்தில். கூட்டத்துக்குப் போன என் வாப்பாவிடம் எத்தனை பெண்கள் வந்தார்கள் என்று கேட்டேன். "அலுவலகத்துப் பிள்ளையளைத் தவிர ஒருத்தரும் இல்ல மகள்" என்றார்.

என் உம்மும்மா ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் படித்துறைக்குப் போய் வருபவர். கூட்டத்துக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"அது ஆம்புளையள் பேசுற கூட்டம் மகள். பத்து மணிக்குச் சோறாக்குறதா, கூட்டத்துக்குப் போறதா? எங்களுக்கிட்ட வந்து கேட்டா செல்லாமலா ஈக்கப்போறம்?"

அந்த ஒரு வார்த்தைதான் எங்கள் செயற்றிட்டத்தின் திசையை மாற்றியது. கூட்டத்துக்கு வராதவர்களைத் தேடி நாங்கள் போனோம். இரண்டு சனிக்கிழமைகள் காலையிலும் மாலையிலும் படித்துறையிலும் பாலத்தடியிலும் நின்று, மூன்றே கேள்விகள் கேட்டோம்: எதற்காக இந்தப் பாதையால் வருகிறீர்கள்? எந்த இடத்தில் சிரமப்படுகிறீர்கள்? எதை மாற்றக்கூடாது?

மூன்றாம் கேள்வியே எங்களுக்கு அதிகம் கற்றுத் தந்தது. படித்துறையை மாற்றக்கூடாது என்று எத்தனையோ பெண்கள் சொன்னார்கள். குழாயில் நீர் வராத நாட்களில் அதுதான் அவர்களுக்குக் கதி. தோட்டத்திலிருந்து இறங்கி வரும் ஓர் அம்மா வேறொன்றைச் சொன்னார். மேலே கொத்மலை நீர்த்தேக்கத்தின் வான்கதவுகள் திறந்தால் ஆறு சட்டென்று உயரும். படியில் நிற்பவர்களுக்கு அது தெரிவதற்கு ஓர் அடையாளம் வேண்டும் என்றார். இது எங்கள் எவரின் மனதிலும் இருக்கவில்லை.

சொங்கியேசொன் பாதை திறக்கப்பட்டபோது, நடைபாதை ஒடுக்கமாக இருக்கிறது, இறங்கிச் செல்லப் போதிய வழியில்லை என்று சக்கர நாற்காலி பாவிப்போர் கண்டனம் தெரிவித்தனர். அத்தனை சந்திப்புகள் நடந்த நகரிலும் ஒரு சாரார் விடுபட்டுப் போனார்கள். அதை வாசித்தபோது எனக்கு என் தோழியின் வாப்பா நினைவுக்கு வந்தார். விபத்துக்குப் பின்னர் அவரும் சக்கர நாற்காலியில்தான் கிளினிக்குக்குப் போய் வருகிறார். வாரத்தில் ஆறு நாள் அவர் வீட்டுக்குப் போய் வருபவள் நான். அவரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. வராதவர்களைக் கேட்கவில்லை என்று நான் யாரைக் குறை சொன்னேனோ, அவர்கள் செய்ததையே நானும் செய்திருந்தேன்.

இன்னொரு குறையை ஆசிரியை சுட்டிக்காட்டினார். "நீங்கள் கேட்டவர்கள் எல்லோரும் உங்களைப் போலவே நினைக்கிறார்களே. பாதை வேண்டாம் என்பவரைக் கேட்டீர்களா?" என்றார். அதன் பிறகு பாதையோரத்து வீட்டிலுள்ள ஒரு ஹாஜியாரிடம் போனோம்.

"லைட் போட்டா விடிய விடிய எங்கட அறைக்குள்ள பகல் மாதிரி ஈக்கும். பாதைய உசத்தினா எங்கட கிணத்தடி அப்படியே வெளியே தெரியும். பொம்புளைப் புள்ளயள் ஈக்கிற வீடு" என்றார்.

அவர் சொன்னதும் நியாயமே. எங்களுக்கு வெளிச்சம் வேண்டும்; அவருக்கு மறைப்பு வேண்டும். படித்துறையில் குளிக்கும் பெண்களுக்கும் மறைப்பு வேண்டும். எல்லோரும் ஒரே குரலில் பேசுவார்கள் என்று எதிர்பார்த்து ஆலோசனைக்குப் போகக்கூடாது என்பதை அன்று விளங்கிக்கொண்டேன்.

எங்கள் கடிதம்

நாங்கள் முதலில் எழுதிய கடிதத்தில் இப்படி இருந்தது: "ஆற்றங்கரைப் பாதையைப் பெண்களுக்குப் பாதுகாப்பானதாகவும் சகலருக்கும் வசதியானதாகவும் அமைத்துத் தருமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்." ஆசிரியை வாசித்துவிட்டு, "இதை வாங்கிய உத்தியோகத்தர் நாளைக்கு எந்த இடத்தில் எதைச் செய்ய வேண்டும்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

ஆகவே அளவு நாடாவோடு மறுபடியும் பாதைக்குப் போனோம். இரண்டாம் கடிதத்தில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் இடம், பிரச்சினை, காரணம், தீர்வு என்று நான்கு பகுதிகள் வைத்தோம். சிலவற்றை உதாரணமாகத் தருகிறேன்.

பாலத்தடியில் பாதைக்கு இறங்க 6 படிகள் உண்டு. ஒவ்வொன்றும் 6 அங்குல உயரம். மொத்தம் 3 அடி. சாய்தளத்துக்கு ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. அப்படியானால் 36 அடி நீளம் தேவை. வரைபடத்திலோ 15 அடி நீளச் சாய்தளமே காணப்பட்டது. அதில் சக்கர நாற்காலியைத் தனியே தள்ளி ஏற முடியாது. இறங்கும்போது அது ஆற்றை நோக்கி ஓடும். இடம் போதாவிட்டால், பாலச் சுவரோரமாக இரண்டாக மடித்து அமைக்கலாம் என்று எழுதினோம்.

விளக்குகளை உயர்ந்த கம்பங்களில் வைக்காமல், பதிவான கம்பங்களில், ஒளி நிலத்தில் மட்டும் விழும்படி மூடியிட்டு வைக்கலாம். முதல் விளக்கு மருத மர வளைவில் வர வேண்டும். ஏனெனில் அங்கேதான் எதிரே வருபவர் தெரிவதில்லை. ஹாஜியாரின் வீட்டோரம் பாதையை உயர்த்தாமல், வடிகாலை ஆழமாக்கினால் சேறும் நிற்காது, கிணற்றடியும் தெரியாது.

படித்துறையை அப்படியே வைத்து, பாதைப் பக்கம் ஆளுயர மறைப்பு ஒன்று கட்டலாம். படியருகே நீர்மட்டத்தைக் காட்டும் வர்ண அளவுக்கோலும், ஆறு உயரும்போது இறங்க வேண்டாம் என்ற மும்மொழி எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். மருத மரங்களை வெட்டாமல் பாதை அவற்றைச் சுற்றிப் போகலாம்.

கடைசியாக, வாயிற்கதவை மாலை 6 மணிக்குப் பூட்டக்கூடாது. உயர்தர மேலதிக வகுப்புகள் முடிந்து நாங்கள் புறப்படும்போது சில நாட்களில் 6 மணியாகிவிடும். கதவு பூட்டப்பட்டால், இருட்டும் நேரத்தில் பிரதான வீதியோரமாகவே நடக்க வேண்டியிருக்கும். எங்களைப் பாதுகாக்கப் போடும் பூட்டு, எங்களை லொறிகளுக்கு நடுவே தள்ளிவிடும்.

எவருடைய பெயரையும் எழுதாமல், யார் எதற்காகச் சொன்னார்கள் என்பதை மட்டும் குறிப்பிட்டோம். ஹாஜியாரின் எதிர்ப்பையும் மறைக்காமல் எழுதினோம். 19 ஆம் நாள் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டையும் ஒரு பிரதியையும் வைத்துக்கொண்டோம்.

4. பதிலை என்ன செய்தார்கள்?

நான்காம் கேள்விதான் கடினமானது. பாரிஸில் பொது விசாரணையை நடத்திய ஆணைக்குழு, திட்டத்துக்குச் சாதகமற்ற அபிப்பிராயத்தையே வழங்கியது. அந்த அபிப்பிராயம் சபையைக் கட்டுப்படுத்தாது என்பதால், நகர சபை திட்டத்தை நிறைவேற்றியது. கேட்டார்கள், ஆனால் கேட்டபடி செய்யவில்லை. அது தவறா? இதைப் பற்றி எங்கள் வகுப்பில் ஒரு பாடவேளை முழுவதும் விவாதம் நடந்தது. நான் வந்தடைந்த முடிவு இது: கேட்டதையெல்லாம் செய்ய எந்தச் சபையாலும் முடியாது. ஹாஜியாரும் நானும் கேட்டதே ஒன்றுக்கொன்று முரணானது. ஆனால் ஏன் செய்யவில்லை என்பதற்குக் காரணம் சொல்ல முடியும். காரணம் சொல்லப்படும்போது, கேட்கப்பட்டது என்பதாவது நிச்சயமாகிறது. மௌனம் வந்தால் கடிதம் வாசிக்கப்பட்டதா என்பதே தெரியாது.

எங்களுக்கு இரண்டு மாதத்தில் திருத்திய வரைபடம் பார்க்கக் கிடைத்தது. படித்துறை அதில் திரும்ப வந்திருந்தது. சாய்தளம் மடித்து வரையப்பட்டு, 36 அடி என்று குறிக்கப்பட்டிருந்தது. தோழி தன் வாப்பாவுக்குக் காட்டவென்று அதைக் கையால் பிரதி செய்துகொண்டாள். வளைவில் விளக்கு வந்திருந்தது. மருத மரங்களில் இரண்டு வெட்டப்படும். அவற்றின் அடிப்பகுதி உக்கிவிட்டது என்று காரணம் எழுதப்பட்டிருந்தது. நாங்கள் போய்ப் பார்த்தோம், உண்மைதான். நாங்கள் விரும்பாத பதில் அது. ஆனாலும் பதில்.

படித்துறைச் செய்தியைச் சொன்னபோது உம்மும்மா ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, "அப்ப அந்த மூணாவது படி ஆடுறதையும் செல்லியிருக்கலாமே" என்றார்.

வாயிற்கதவின் நேரம் மட்டும் மாறவில்லை. மாலை 6 மணி என்றே இருக்கிறது. அதற்கு எந்தக் காரணமும் எழுதப்படவில்லை.

நிறைவாக

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஒரு தர்மம் என்று சிறுவயதிலிருந்தே நமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. கல்லையும் முள்ளையும் கையால் அகற்றலாம். வரைபடத்திலுள்ள இடையூறை, அது கொங்கிறீட் ஆவதற்கு முன்னர், எழுத்தால்தான் அகற்ற முடியும். அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. அறிவித்தலை முழுமையாக வாசித்தல், முடிவாகாதது எது என்று கேட்டல், வராதவர்களைத் தேடிப் போதல், மாற்றுக் கருத்துள்ளவருக்கும் செவிகொடுத்தல், அளந்து எழுதுதல், பிரதி வைத்துக்கொள்ளல் ஆகியவை போதும். இவை ஒவ்வொன்றும் நம் வகுப்பறையில் நாம் பழகியவையே.

வாயிற்கதவு ஏன் 6 மணிக்குப் பூட்டப்பட வேண்டும் என்று கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். 14 வேலை நாட்களில், இம்மலர் அச்சுக்குப் போகும் இன்று ஒன்பதாவது நாள்.